டிவியில் வந்த பஸ்

எங்கள் அங்கன்வாடியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தைகளுக்கு டிவியில் ஒரு நீதிக்கதை போடுவோம். சோறு வடிப்பது, முட்டை உரிப்பது, பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுவது எல்லாம் என் வேலை. கதை முடிந்ததும் கேள்வி கேட்பது டீச்சர் வேலை. போன வாரம் ஒரு முயல் கதை. முயல் பல் தேய்க்காமல் இனிப்பு தின்றது, பல் வலித்தது, கரடி டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் ஓடி விளையாடியது.

"இந்தக் கதையில இருந்து நாம இன்னா தெரிஞ்சிக்கினோம்?" என்று டீச்சர் கேட்டார்.

ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று, "கரடி ஊசி போட்டா வலிக்காது டீச்சர்" என்றது.

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் அந்தக் குழந்தையின் பக்கம்தான். அது பார்த்ததைத்தான் சொன்னது. பன்னிரண்டு வயதில் நானும் ஒரு டிவிக் கதையைப் பார்த்தபடியே நம்பினேன். அதனால் குற்றமே செய்யாத ஒருவர் தெருவில் தலைகாட்ட முடியாமல் இருந்தார். நாலு பேர் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. பத்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம். அதனால் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் தெரு. தெருவில் மெத்தை வீடு, அதாவது தளம் போட்ட வீடு, என்று ஒன்றுதான் இருந்தது, பாய் வீடு. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடித்தனம். பாய் அடிக்கடி மலைக்குப் போய்ப் புளி, கடுக்காய், தேன் எல்லாம் வாங்கி வருவார். அப்போதெல்லாம் கடையைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. அவரைத் தெருவே பாயம்மா என்றுதான் கூப்பிடும். அவர்கள் வீட்டில்தான் டிவி இருந்தது. கறுப்பு வெள்ளை. மரப்பெட்டிக்குள் வைத்து, முன்னால் இழுத்துச் சாத்துகிற ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தித் தொடர் ஒன்று வரும். வாரம் ஒரு கதை, கடைசியில் ஒருவர் வந்து ஒரு நல்ல புத்தி சொல்வார். எங்கள் யாருக்கும் இந்தி தெரியாது. பாயம்மாவுக்கு உருது தெரியும் என்பதால் இந்தி முக்கால்வாசி புரியும். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். முக்கால்வாசிக்கு மேல் இருப்பதை அவரே சேர்த்துக்கொள்வார்.

"இன்னா சொல்றாரு பாயம்மா?"

"குளிக்காம வந்து டிவி பாக்கறவங்களுக்குப் படிப்பு ஏறாதுன்றாரு."

அன்றைக்குக் குளிக்காமல் வந்தவன் எழுந்து ஓடுவான். டெல்லியில் இருப்பவருக்கு எங்கள் தெருவில் யார் குளிக்கவில்லை என்பது எப்படித் தெரிகிறது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். கேட்கத்தான் வாய் வரவில்லை.

பாயம்மாவுக்கு அடுத்தபடி அந்த டிவிக்கு முக்கியமானவர் எதிர் வீட்டு அண்ணன். எங்களுக்கு உறவில்லை, தெருமுறைக்கு அண்ணன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலைக்கு மனு போட்டுக்கொண்டு, மற்ற நேரத்தில் அப்பாவோடு கரும்பில் இருந்தார். காற்றடித்து ஆண்டெனா திரும்பிவிட்டால் மெத்தைமேல் ஏறிச் சரிசெய்வது அவர்தான். மேலேயிருந்து "தெரியுதா?" என்று கத்துவார். கீழேயிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து பதில் கத்துவோம். எல்லோரும் என்றால் என்னைத் தவிர.

நான் சொல்ல வந்த கதை வந்த ஞாயிற்றுக்கிழமை பாயம்மா வாசலில் இல்லை. பாய் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அவருக்குச் சாப்பாடு கட்ட உள்ளே போய்விட்டார். நாங்களே பார்த்து நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒரு பையன் பந்து விளையாடிக் கூடத்து நிலைக்கண்ணாடியை உடைத்துவிடுகிறான். வீட்டில் வேலை செய்கிறவர்மேல் பழி விழுகிறது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பையன் ஓடிப்போய் அப்பாவிடம் ஏதோ சொல்லித் தேம்பித் தேம்பி அழுகிறான். அப்பா அவனைக் கட்டிக்கொண்டு, முதுகில் தட்டி, "பஸ், பஸ்" என்கிறார். அடுத்த காட்சியில் பையன் கையில் ஒரு பையோடு அப்பா பக்கத்தில் வாசலில் நிற்கிறான். அத்தோடு முடிந்தது.

"பஸ்ஸுன்னாரு இல்ல? கேட்டியா?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

"ரெண்டு தரம் சொன்னாரு."

"ஊருக்கு அனுப்பிட்டாங்கடி. பை தூக்கிக்கினு நிக்கறான் பாரு."

"நெசத்த சொன்னதுக்கா?"

"பின்ன? கண்ணாடி இன்னா சும்மா வருதா?"

இப்படித்தான் தீர்ப்பாயிற்று. உண்மையைச் சொன்னால் பழி சுமந்தவர் தப்பித்துவிடுவார், சொன்னவரைக் கட்டிப்பிடித்து பஸ் ஏற்றிவிடுவார்கள். எனக்கு இது உடனே மனதில் தைத்துவிட்டது. ஏனென்றால் நான் எதைச் செய்தாலும் அம்மா சொல்லும் ஒரே தண்டனை அதுதான். "அடுத்த பஸ்ஸுல ஏத்தி உளுந்தூர்பேட்டைக்கு அனுப்பிடுவேன், அத்த ஓட்டல்ல மாவாட்டிக்கினு கெட." லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் ஓட்டல் அது. முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில் இலை போடுவதைவிட எனக்கு அடி தேவலை. அம்மா சொல்வது மிரட்டல் என்றிருந்தேன். டிவியிலும் அதையே காட்டியதும் அது ஊருலக வழக்கம் என்றாகிவிட்டது.

அந்த வாரத்தின் நடுவில் போராட்டம் தொடங்கியது. படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் நின்றது, பள்ளிக்கூடம் மூடியது. எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆன ஊர்கள் இருந்தன, பெரியவர்கள் அதைத் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அது விடுமுறை. விழுந்த மரங்களில் ஏறிக் காய் பறித்தோம். மலைக்குப் போன பாய்தான் இறங்க வழியில்லாமல் மேலேயே மாட்டிக்கொண்டார்.

எதிர் வீட்டு அண்ணன் மறியலுக்குப் போய்வந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"பாயம்மா, ஊரே அடைச்சிக் கெடக்குது. நீங்க டிவி போட்டுக்கினு இருக்கறது நல்லாவா இருக்குது?"

"புள்ளைங்க பாக்குதுப்பா. மனுஷன் மலையில மாட்டிக்கினு இருக்கறாரு, ஊடு வெறிச்சோடிக் கெடக்குது. ஒரு சத்தம் இருந்தா தேவலன்னு போட்டேன்."

"எங்களுக்கு ஒரு வழி பொறக்கட்டும்னுதான நாங்க ரோட்டுல நிக்கறோம்? சத்தத்தயாச்சும் கம்மி பண்ணுங்க."

"பண்ண முடியாது போ. காது உனக்குத்தான் ஜாஸ்தியா கேக்குது."

பிள்ளைகள் சிரித்துவிட்டோம். அண்ணன் முகம் சுண்டிப்போனது. "இனிமே ஆண்டெனா திருப்ப என்னக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தச் சண்டை நடந்திருக்காவிட்டால் பிறகு வந்தது அவ்வளவு பெரிதாகியிருக்காது.

சனிக்கிழமை வீட்டில் காய் எதுவும் இல்லை. பஸ் இல்லை என்றால் சந்தையும் இல்லை. பாயம்மா வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் ஒன்று எங்கள் சந்துப் பக்கம் சாய்ந்து காய்த்துக் கிடந்தது. "பாயம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு நாலு காய் பறிச்சிக்கினு வா" என்றார் அம்மா. கேட்க வேண்டுமென்றால் கடைப்பக்கம் போகவேண்டும். கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். எனக்கு அதுவே போதும், கேட்காமல் நேரே சந்துக்குப் போய்த் தொரட்டியை எடுத்து மாட்டி இழுத்தேன். கிளை வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மேலே 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

தொரட்டி மாட்டியிருந்தது கிளையில் இல்லை. ஆண்டெனாக் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியில். துருப்பிடித்த கம்பி அறுந்து, கம்பம் மெதுவாக, என்னைப் பார்த்துக் கும்பிடுவதுபோலக் குனிந்து, முருங்கை மரத்தின்மேல் சாய்ந்துகொண்டது. நான் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். காய் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, பாயம்மா இல்லை என்றேன்.

சாயங்காலம் டிவி போட்டபோது திரை முழுக்கப் புள்ளிதான். சிலர் மெத்தைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"இது தானா சாயல. கம்பி அறுந்திருக்குது."

"மரத்தயே சாச்சவனுக்கு இது இன்னா பெரிசு?" என்றார் ஒருவர்.

எல்லோரும் எதிர் வீட்டைப் பார்த்தார்கள். அண்ணன் வாசலில்தான் இருந்தார். "நான் தொடக்கூட இல்ல" என்றார். பாயம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ டிவி ஷட்டரைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கடைக் கதவில் ஒரு பலகையை மட்டும் எடுத்துவைத்து, அந்த இடுக்கு வழியாகவே வியாபாரம் செய்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அப்போது எனக்கு டிவி போனது மட்டும்தான் தெரிந்தது. தெருவில் ஒரே ஒரு பாய் வீடு, ஆண் துணை மலையில், ஊரெல்லாம் கலக்கம், வீட்டின்மேல் இருந்த கம்பத்தை யாரோ சாய்த்திருக்கிறார்கள். பாயம்மா அந்த இடுக்கு வழியாக எங்களை எப்படிப் பார்த்திருப்பார் என்பது எனக்குக் கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போன பிறகுதான் புரிந்தது. அவருக்கு அதுவரை அது தன் தெரு.

அண்ணன் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய அம்மா உப்பு வாங்க வந்தபோது பாயம்மா முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டினார். நான் அப்போது பின்னால் நின்றிருந்தேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கூடவே பஸ்ஸும் வந்தது.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போதுதான் பஸ் ஓடவில்லையே. இப்போது சொன்னால் யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. இரண்டு அடி விழும், அவ்வளவுதான். எப்படியும் பஸ் விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். இதைக் கண்டுபிடித்ததும் மனசு லேசாகிவிட்டது. லேசானதால் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாள் போனது.

புதன்கிழமை மதியம் சாலைப் பக்கம் ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டது. மரங்களை அறுத்து ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "அப்பாடா, நாளைக்குக் காலைல பஸ் வுடறாங்களாம்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் கொல்லை வழியாகப் பாயம்மா வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, கொல்லப்பக்கமா வர்ற?"

"ஆண்டெனாவ நாந்தான் சாச்சேன். முருங்கக்கா பறிக்கசொல்ல தொரட்டி மாட்டிக்கிச்சி. கேக்காம பறிச்சேன். அண்ணன் இல்ல."

என் வாழ்க்கையில் அதுவரை நான் சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசியதில்லை. பாயம்மாவின் கை அரிசிமேல் அப்படியே நின்றது.

"தொரட்டியா?"

தலையாட்டினேன்.

"வேற யாரும் இல்லியா? யாரும் சொல்லிக் குடுத்து செய்யலியே?"

"இல்ல பாயம்மா. முருங்கக்கா."

அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். "முருங்கக்கா" என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். முறத்தை நகர்த்திவைத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் அழ ஆரம்பித்தேன். அவரோ என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, முதுகில் தட்டினார். "பஸ், பஸ். நக்கோ ரோ. பஸ்."

நான் துள்ளி எழுந்துவிட்டேன். "பஸ் வேணாம் பாயம்மா! நான் அத்த வூட்டுக்குப் போவ மாட்டேன்! இன்னிக்கு பஸ் ஓடல, நாளைக்குத்தான் வுடறாங்க!"

"எந்த பஸ்டி?"

"டிவில சொன்னாங்களே! கண்ணாடி ஒடச்சவன பஸ்ஸுல அனுப்பினாங்களே!"

பாயம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. நாலு நாளாக மூடிக்கிடந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டுக் கடைப்பக்கம் நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"அட பைத்தியமே, பஸ்ஸுன்னா எங்க பேச்சுல போதும்னு அர்த்தம்டி! போதும், அழாதன்னு சொல்றாரு அந்த அப்பா."

"அப்ப அவன் கையில இருந்த பையி?"

"புதுக் கண்ணாடி வாங்கக் கடைக்குப் போறாங்க ரெண்டு பேரும். நான் உள்ள இருந்து கேட்டுக்கினுதான இருந்தேன்."

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. எல்லாம் முடிந்தது, ஓடிவிடலாம் என்று திரும்பினேன். பாயம்மா கையைப் பிடித்துக்கொண்டார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, கொல்லை வழியாக இல்லாமல் கடைவாசல் வழியாக, தெருவில் எல்லோரும் பார்க்க, என்னையும் கூட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஆண்டெனாவ சாச்சது இந்தப் பொண்ணு. முருங்கக்கா பறிக்கப் போயி தொரட்டி மாட்டிக்கிச்சாம்" என்றார் பாயம்மா. "அது தெரியாம செஞ்சது. நான் தெரிஞ்சே செஞ்சேன். உன்ன வாயால ஒண்ணும் சொல்லல, ஆனா மனசுல நெனச்சிட்டேன். மனசுல வெச்சிக்காதப்பா."

அண்ணன் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து, "ஒரு வாரமா மரம் வெட்டினவங்களக்கூட யாரும் ஒண்ணும் கேக்கல. ஒரு முருங்கக்காய்க்கு நான் திருடனாயிட்டேன்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய அம்மா மட்டும் சிரிக்காமல் பாயம்மாவுக்குப் பாயை விரித்துப் போட்டார்.

செய்தி கேட்டு என் அம்மா விளக்குமாற்றோடு வந்தார். பாயம்மா குறுக்கே கையை நீட்டி "பஸ்" என்றார். அம்மா நிஜமாகவே திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அர்த்தம் தெரிந்த பிறகும் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பஸ்ஸிலிருந்து பாய் இறங்கினார், பத்து நாள் தாடியோடு, தேன் பாட்டிலும் புளி மூட்டையுமாக. யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் பஸ் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் புதுக் கம்பியோடு மெத்தைமேல் ஏறினார். பாயம்மா ஷட்டரைத் திறந்தார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அண்ணன் மேலேயிருந்து, "தெரியுதா?" என்று கத்தினார்.

"தெரியுது, தெரியுது, எறங்கி வாண்ணா!" என்று கத்தினார்கள். படம் சரியாக வரவில்லை. நிகழ்ச்சி ஓடிவிடப் போகிறதே என்ற அவசரம் அவர்களுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்து, "இல்லண்ணா! ரெண்டு ரெண்டா தெரியுது!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கொஞ்சம் திருப்பினார். "இப்ப?"

"தல தெரியுது, வாய் தெரியல!"

"இப்ப?"

"புள்ளி வருதுண்ணா!"

"இப்ப?"

"இப்ப தெரியுது. ஆனா ஓரத்துல ஒரு கோடு..."

மேலேயிருந்து தலையை நீட்டி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அண்ணன் சிரித்தார்.

"பஸ்டி, பஸ்! ஒரு நாளைக்கு இவ்ளோ நெசம் போதும்."